ஞானமேரி கொடுத்த சுருதி

ஞானமேரி அக்காவுக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவருடைய எல்லாக் கவலையும் அங்கிருந்துதான் தொடங்கியது. யார் எந்தச் சுருதியில் பாடினாலும் அரை வரிக்குள் அவர் காது அதைப் பிடித்துவிடும். ஆனால் அவரே வாயைத் திறந்தால் குரல் சுருதிக்குப் பக்கத்து வீட்டில் போய் நிற்கும். அதனால் எங்கள் பங்குக் கோயிலின் பாட்டுக் குழுவில் அவருக்கென்று இருந்த ஒரே இடம், கீபோர்டுக்குப் பின்னால் போட்டிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்த வருடம் அதில் உட்கார்ந்தவர், மகன் கல்லூரிக்குப் போகும் வயது வரை எழுந்திருக்கவில்லை.

வார நாட்களில் கொலுசுப் பட்டறையில் வேலை. சின்னச் சின்ன வெள்ளி வளையங்களை இடுக்கியால் ஒன்றோடொன்று கோப்பார். கணவர் பிரான்சிஸ் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். விடியும்போது பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர். வீட்டில் பேச்சு குறைவு. கோயிலில் அக்காவின் பேச்சு அதைவிடக் குறைவு. கீபோர்டு இருக்கும்போது அவர் பேச வேண்டிய தேவையும் வரவில்லை.

அக்கா முறையாக எதுவும் படித்தவரில்லை. வெள்ளைக் கட்டைகளில் மட்டும், ஸி மேஜர் என்ற ஒரே ஸ்கேலில் வாசிப்பார். பாடுகிறவர் வேறு சுருதியில் எடுத்தால், கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்று இருக்கும் பட்டனை அமுக்கி மொத்த வாத்தியத்தையும் மேலேயோ கீழேயோ நகர்த்துவார். பிறகு அதே வெள்ளைக் கட்டைகளில் அதே விரல்கள். கோயில்களில் வாசிக்கும் பலருக்கும் இதுதான் வழி. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை.

எங்கள் கோயிலுக்கு அந்தப் பட்டன் மிகவும் வேண்டியிருந்தது. காரணம் ஆரோக்கியசாமி அண்ணன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், குழுவின் முதல் பாடகர். எந்தப் பாட்டையும் அவர் நேராக ஆரம்பிக்க மாட்டார். தாளமில்லாமல், வாத்தியமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு முதலில் இரண்டு வரி தொகையறா இழுப்பார். அது எந்தச் சுருதியில் வரும் என்பது அன்றைக்கு அவர் தொண்டைக்குத்தான் தெரியும். அவர் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அக்காவின் விரல் பட்டனைத் தட்டியிருக்கும். பல்லவி தொடங்கும்போது கீபோர்டு அவர் காலடியில் வந்து நிற்கும். கேட்பவர்களுக்கு அண்ணன் சுருதி பிசகாமல் பாடுவதாகத் தோன்றும். அண்ணனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஈஸ்டர் முடிந்த வாரம் பங்குத்தந்தை அக்காவைக் கூப்பிட்டார்.

"ஞானமேரி, ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க ஃபாதர்."

"இந்த ஜெனிட்டாப் புள்ள நல்லா வாசிக்குது. நோட்ஸ் பாத்தே வாசிக்குது. திருவிழா நவநாள்ல இருந்து கீபோர்டை அதுகிட்டக் குடுத்துரலாம்னு பாக்கறேன். நீங்க குழுவுலயே இருங்க. பாடுங்க."

ஜெனிட்டாவின் அப்பாவுக்கு மேட்டூர் அனல் மின் நிலையத்திலிருந்து மாற்றலாகி, அவர்கள் குடும்பம் எங்கள் பங்குக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணுக்குக் கறுப்புக் கட்டைகளும் வெள்ளைக் கட்டைகளும் ஒன்றுதான்.

"எனக்குப் பாட வராதுங்க ஃபாதர்."

"எல்லாரும் பாடலாம்மா. ஆண்டவர் சுதியா பாக்கப் போறாரு?"

"ஆரோக்கியசாமி அண்ணன் பாப்பாருங்க."

ஃபாதர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர் பார்வை, பூசைத் துணிகள் வைக்கும் பீரோவின் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த கறுப்பு உறையின் மேல் இருந்தது. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிட்டார். வாசிக்க ஆளில்லாமல் உறைமேல் தூசி படிந்திருந்தது.

"நான் கிட்டார் வாசிக்கறேன் ஃபாதர்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கத்துக்கிட்டிருக்கேங்க."

அந்த நிமிடம் வரை அவர் அந்த உறையின் ஜிப்பைக்கூடத் தொட்டதில்லை.

"சரி," என்றார் ஃபாதர். "திருவிழாப் பூசைக்கு வாசிங்க. நல்லா வந்துச்சுன்னா அப்படியே தொடரலாம். இல்லைன்னா பாடறவங்க வரிசையில நின்னுக்கலாம். என்னம்மா?"

பாடறவங்க வரிசை. டவுன் பஸ்ஸில் கிட்டாரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்த வழியெல்லாம் அக்காவுக்கு அந்த வார்த்தைதான். வாயை அசைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டு, பூசைக்குப் பூசை நிற்பது. அந்த வரிசையில் நிற்பதைவிடக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். பெஞ்சில் உட்கார்ந்தால் அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பிரான்சிஸ் வேலைவிட்டு வந்தவர், கட்டிலின் மேல் கிடந்த உறையைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"என்ன புள்ள இது? யாரோ ஆளப் போத்திப் படுக்க வெச்ச மாதிரி இருக்குது."

"கிட்டாரு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"சீலையக் கட்டிக்கிட்டா?"

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. தோள் வாரை மாட்டிப் பார்த்தார். முந்தானை மடிப்பு அதனடியில் சிக்கிக் கசங்கியது. வாரை ஏற்றினார், பின்னை மாற்றிக் குத்தினார், மறுபடி மாட்டினார்.

"எங்க பட்டறையில லோடு கட்டற பெல்ட்டு இருக்குது. கொண்டாரட்டுமா?" என்றார் பிரான்சிஸ்.

"சும்மா இருக்கீங்களா."

"இல்ல, கேட்டேன். இம்புட்டு யோசனை பண்றயே."

செல்போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தார். மாலையில் பட்டறையிலிருந்து வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, அரிசி வேகும் நேரத்தில். கிட்டாரோடு கொடுத்தனுப்பிய ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியைப் போடவில்லை. வரிசை வீடுகள், ஒரே சுவர். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் ஏதோ ரகசியம் சொல்வது போலத்தான் ஒலிக்கும். அது அவருக்கு வசதியாக இருந்தது.

விரல் நுனிகள் முதல் வாரமே கன்றிப்போயின. கீபோர்டு விரலிடம் எதையும் கேட்டதில்லை. அமுக்கினால் போதும், அமுக்கியவரை ஒலித்துக்கொண்டிருக்கும். இது கம்பியை அழுத்திப் பிடிக்கச் சொன்னது. பிடித்தாலும் ஒலி உடனே தேயத் தொடங்கியது. தொடாத கம்பிகளோ கூப்பிடாமலே முணுமுணுத்தன. எதை ஒலிக்க வைப்பது என்பதைவிட எதை வாயை மூட வைப்பது என்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. பகலில் பட்டறையில் வளையத்தைத் தொட்டால் விரல் நுனி சுரீரென்றது. இடுக்கி நழுவியது.

"என்னக்கா, கை இன்னைக்கு நடக்குது? ஓடற கையாச்சே," என்றாள் பக்கத்தில் கோத்துக்கொண்டிருந்த தனப்பிரியா.

"ஒண்ணுமில்ல, அடுப்புல பட்டுருச்சு."

கிட்டார் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. திருவிழாவுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சொல்லும்படி ஏதாவது இருந்தால்.

மே மாதத்தில் ஒரு நாள், உறையின் சின்னப் பையில் கிளிப் மாதிரி ஒரு சாமான் கிடைத்தது. கேப்போ என்று வீடியோ சொன்னது. கிட்டாரின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிக் கவ்வ வைத்தால் எல்லாக் கம்பிகளும் அரைக் கட்டை மேலே ஏறும். இரண்டு கட்டம் தள்ளினால் ஒரு கட்டை. விரல் வைப்பது மாறாது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சோறு குழைந்துவிட்டது. இது அவருடைய டிரான்ஸ்போஸ் பட்டன்தான். ஸி மேஜரின் ஐந்து கார்டுகளை மட்டும், அதாவது ஐந்து விதமான விரல் பிடிப்புகளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். அண்ணன் எங்கே ஓடினாலும் கிளிப்பை நகர்த்திப் பிடித்துவிடலாம்.

ஒரே வித்தியாசம், பட்டன் மேலேயும் போகும், கீழேயும் போகும். கேப்போ மேலே மட்டும்தான் போகும். கிளிப் இல்லாத வெறுங்கழுத்தில் ஒரு கட்டைதான், அதாவது ஸி-தான், அடிமட்டம். இது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஆரோக்கியசாமி அண்ணன் ஒரு கட்டைக்குக் கீழே எடுத்து அவர் பார்த்ததில்லை. திருவிழா நாளில் கூட்டத்தைப் பார்த்தால் அண்ணன் குரல் தானாகவே மேலே ஏறும். ஒன்றரை, இரண்டு, ஒரு வருடம் மூன்று கட்டை. அக்கா மேலே போவதற்கு மட்டும் பழகினார். கண்ணை மூடிக்கொண்டு கிளிப்பை எடுப்பார், நகர்த்துவார், கவ்வ வைப்பார். பிரான்சிஸ் வேண்டுமென்றே ஏதாவது சினிமாப் பாட்டை வெவ்வேறு சுருதியில் கத்துவார். அதைத் துரத்திப் பிடிப்பார்.

திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்குமுன் நடந்த ஒத்திகையில்தான் முதல்முறையாக ஆம்ப்பில் செருகினார். செருகியதுமே அது உறுமியது. கம்பியின்மேல் விரல் நகரும் கிறீச்சல்கூடக் கோயில் முழுக்கக் கேட்டது. வீட்டில் ரகசியமாக இருந்த பிழைகளெல்லாம் பீடத்துக்கு முன்னால் உரக்கப் பேசின. எஃப் கார்டில் ஒரு கம்பி தகரம் மாதிரி அடித்தது. குழுவில் யாரோ களுக்கென்றார்கள்.

ஜெனிட்டா எழுந்து வந்து ஆம்ப்பின் குமிழ்களைத் திருப்பி உறுமலைக் குறைத்தாள்.

"அக்கா, ஏ ஷேப், ஜி ஷேப்புன்னு வேற பிடிப்பெல்லாம் போட்டுப் பழகுங்களேன். எந்தச் சுதியா இருந்தாலும் வாசிச்சுக்கலாம். நான் வேணா..."

"திருவிழா முடியட்டும் கண்ணு."

அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் தனக்கு என்னென்ன தெரியாது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொள்ள அக்காவால் முடியவில்லை.

அதன்பிறகு அவர் ஒரு தப்புச் செய்தார். நவநாள் மாலைகளில் கோயிலுக்கு வரவில்லை. எல்லாரும் ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில், தெரு காலியாக இருக்கிறதே என்று, வீட்டில் ஆம்ப்பைப் போட்டுப் பழகினார். பழகப் பழக எஃப் கார்டு கொஞ்சம் சரியானது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. இங்கே கோயிலில், நாள்தோறும் புழுக்கத்தில் பாடி, இடையில் பந்தலில் ஐஸ் போட்ட சர்பத்தும் குடித்து, ஆரோக்கியசாமி அண்ணனின் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் கேட்டோம். அக்கா கேட்கவில்லை. கடைசி ஒத்திகைக்கு வந்தார். அண்ணன் அன்றைக்குப் பாடவில்லை.

"தொண்டைய நாளைக்கு வெச்சிருக்கேன். நீங்க வாசிங்க," என்று கையால் தாளம் மட்டும் போட்டார்.

திருவிழாப் பூசைக்கு மறைமாவட்ட ஆயர் வந்திருந்தார். பெஞ்சுகள் நிரம்பி, பந்தலிலும் ஆட்கள். யூடியூபில் நேரலைக்காகப் பாட்டுக் குழுவின் பக்கம் ஒரு கேமரா நிறுத்தியிருந்தார்கள். அக்கா அரக்கு நிறப் பட்டுச் சேலையில், தோள் வாருக்கு மேல் முந்தானையை எடுத்துப் பின் குத்தியிருந்தார். சிவப்புக் கிட்டார். இடது கை கழுத்தில். வலது கையில் கேப்போ, திறந்து மூடத் தயாராக. நான் ஆண்கள் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் காதோரம் வியர்வை இறங்குவது தெரிந்தது.

மணி அடித்தது. பவனி புறப்பட்டது. அண்ணன் கண்ணை மூடித் தொகையறாவை எடுத்தார்.

குரல் அடிவயிற்றிலிருந்து, கரகரவென்று, தரையோடு வந்தது.

அக்காவின் காது உடனே பிடித்துவிட்டது. ஒரு கட்டைக்கும் அரைக் கட்டை கீழே. கீபோர்டாக இருந்தால் ஒரே ஒரு தட்டு. கேப்போவை வைத்திருந்த கை கழுத்துக்கு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. வைக்க இடமில்லை. கழுத்து முடிந்து கிட்டாரின் தலைதான் இருந்தது. ஜெனிட்டா அதற்குள் சுருதியைப் பிடித்து மெல்ல நுழைந்துவிட்டாள். தொகையறா முடிந்தது. பல்லவி. கேமராவின் சிவப்பு விளக்கு. எதையாவது செய்தாக வேண்டும் என்று, தெரிந்த ஒரே அடிமட்டத்தில், அக்கா ஸி கார்டை அடித்துவிட்டார்.

அரைக் கட்டை வித்தியாசம் என்பது சின்னதுதான். ஆனால் சேர்ந்து ஒலிக்கையில் அதைவிடக் கொடுமையானது கிடையாது. தட்டில் முள்கரண்டி கீறிய மாதிரி இருந்தது. பெண்கள் வரிசை ஒரு கணம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உடைந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். நடந்து வந்துகொண்டிருந்த ஃபாதரும் பார்த்தார். அக்கா எல்லாக் கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கினார். அதன்பிறகு அந்தப் பாட்டு முழுக்க அவர் கை எடுக்கவில்லை. அடுத்து வந்த இரக்கப் பாடலுக்கும் வாசிக்கவில்லை. உன்னதங்களிலே பாடலுக்கும் இல்லை. கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

ஆயரின் மறையுரை நீண்டது. அந்த நேரத்தில் என்ன நினைத்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். இத்தனை வருடம் தான் வாசித்ததாக நினைத்தது வாசிப்பே இல்லை, துரத்தல் என்று தோன்றியதாம். அண்ணன் முன்னால் ஓட, தான் பின்னால். கீபோர்டுக்கு இரண்டு பக்கமும் கால் இருந்தது. கிட்டாருக்கு ஒரு பக்கம்தான். இனி துரத்த முடியாது. முடியாது என்றால், அடுத்த வாரம் பாடறவங்க வரிசை.

காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் மைக்கை நெருங்கித் தொண்டையைச் செருமினார். அக்கா நகர்ந்தார். ஆம்ப்பின் வயர் நீளும் தூரம் வரை வந்து, அண்ணனின் சட்டைக் கையைத் தொட்டார்.

"அண்ணே. இந்தப் பாட்டுக்குச் சுதி நான் தாறேன்."

"என்னது?"

"நான் அடிச்சதுக்கப்பறம் எடுங்க."

"எனக்கு நீ சுதி குடுக்கறயா?"

"ஆமாங்கண்ணே. நீங்களா எடுத்தா என்னால வர முடியாது. எனக்கு அங்க கீழ ஒண்ணும் தெரியாது."

"மேல எடுத்தா எனக்கு உடைஞ்சு போகும் பாப்பா. தொண்ட செத்துக் கெடக்குது."

"அரைக் கட்டைதாண்ணே கூட. உடைஞ்சா நாங்க இருக்கோம்."

"தொகையறா?"

"இன்னைக்கு வேண்டாங்கண்ணே. நேரா பல்லவி."

அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நாங்கள் பார்த்ததில்லை. காணிக்கைத் தட்டுகளோடு ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு இல்லாத கோயிலில் செருப்பில்லாத கால்களின் சத்தம் மட்டும் கேட்டது. பீடத்திலிருந்து ஃபாதர் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார். ஜெனிட்டா நினைத்திருந்தால் ஒரு விரலால் எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கலாம். அவள் கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா ஸி கார்டை அடித்தார். ஒரே ஒரு முறை. கம்பிகள் ஆறும் ஒலித்தன, அடக்க மறந்த கம்பியும் சேர்த்து. தேயத் தொடங்குவதற்குள் இன்னொரு முறை.

அண்ணன் எடுத்தார்.

சுத்தமாகத்தான் எடுத்தார். சரணத்தின் உச்சியில் குரல் காகிதம் கிழிவது போல் கிழிந்தது. பெண்கள் வரிசை பாய்ந்து தாங்கியது. எஃப் கார்டு ஒருமுறை தகரமடித்தது. ஆனால் பாட்டு முடிகிறவரை எல்லாரும் ஒரே இடத்தில் நின்றோம். திருவிருந்துப் பாட்டுக்கு அண்ணன் தானாக ஆரம்பிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி, அக்காவின் பக்கம் திரும்பாமல், காத்திருந்தார்.

பூசை முடிந்து பந்தலில் ஃபாதர் கூப்பிட்டார். அண்ணனும் வெந்நீர் டம்ளரோடு அங்கேதான் நின்றார்.

"முதப் பாட்டுல என்னம்மா ஆச்சு?"

"எனக்கு அஞ்சு கார்டுதான் தெரியும் ஃபாதர். அதுவும் ஒரே ஸ்கேல்ல. கத்துக்கிட்டிருக்கேன்னு அன்னிக்குச் சொன்னப்ப ஒண்ணுகூடத் தெரியாது."

அக்கா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன்தான் குறுக்கிட்டார், குரல் இல்லாத குரலில். "ஏஞ் சாமி, இதக் கேட்டீங்களா? இனிமே இந்தம்மாவக் கேட்டுக்கிட்டுத்தான் நான் வாயத் தொறக்கணுமாம். ஒத்திகைய ஒரு மணி நேரம் முன்னால வெச்சிருங்க. அது எப்பக் குடுக்கும், நான் எப்ப எடுக்கறதுன்னு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

"அப்ப ஞானமேரி கிட்டார்லயே இருக்கட்டும்ங்கறீங்க?"

"நான் எங்க அப்புடிச் சொன்னேன்? ஒத்திகைய முன்னால வெய்யுங்கன்னேன்."

ஃபாதர் சிரித்துக்கொண்டே ஆயரை வழியனுப்பப் போய்விட்டார். இருக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அடுத்த ஒத்திகை ஒரு மணி நேரம் முன்னதாக என்று அறிவிப்புப் பலகையில் மறுநாள் எழுதியிருந்தது.

அந்த ஒத்திகைக்கு அக்காதான் முதலில் வந்தார். நாங்கள் எல்லாரும் வந்து சேர்ந்ததும் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்தார். தொண்டை பாதி தேறியிருந்தது.

"ம், குடு," என்றார்.

"எந்தக் கட்டைங்கண்ணே வேணும்?"

"என்னைய எதுக்குக் கேக்கற? நீதான குடுக்கற ஆளு."

அக்கா கேப்போவை இரண்டாவது கட்டத்தில் வைத்தார். எடுத்தார். முதல் கட்டத்தில் வைத்தார். முன்வரிசையில் சின்னப் பெண்கள், பின்னால் நாங்கள், நடுவில் அண்ணனின் புண்பட்ட தொண்டை. இத்தனை குரல்களையும் ஒரு பாட்டில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று அவரை யாரும் இதுவரை கேட்டதில்லை. நெற்றியில் மறுபடி வியர்வை கட்டியது.

"அண்ணே, பாட்டுல ரொம்ப மேல போற வரி எது? அத மட்டும் மெதுவாப் பாடிக் காட்டுங்க. அப்பறம் சொல்றேன்."

"இது வேறயா," என்று முனகிக்கொண்டே அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.